சாலைக்கு அடியில் பெரிய கண் வைத்தால் வெள்ளம் வடியுமா?

பழைய மகாபலிபுரம் சாலைக்கு மேற்கே, துரைப்பாக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் கேட்டது: "ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் எங்கள் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. சாலைக்குக் கிழக்கே அவ்வளவு நிற்பதில்லை. சாலைக்கு அடியில் போகும் கல்வெர்ட்டை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டினால் போதாதா? அதை ஏன் யாரும் செய்யவில்லை?"

சில இடங்களில் போதும். வேறு சில இடங்களில் எத்தனை கோடி செலவழித்துப் பெரிதாகக் கட்டினாலும் தண்ணீர் அதே மட்டத்தில்தான் நிற்கும். உங்கள் இடம் இவற்றில் எந்த வகை என்பதை வரைபடத்தை மட்டும் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மழை பெய்துகொண்டிருக்கும்போது சாலையின் இரு பக்கமும் நின்று பார்க்கிறவர் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு அளவுநாடா போதும். எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில், தண்ணீர் ஏன் சாலையிடம் வந்து நிற்கிறது என்பதைப் பார்ப்போம்.

சென்னை தட்டையான ஊர். கடல் கிழக்கே இருக்கிறது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றும் மேற்கிலிருந்து வந்து கிழக்கே கடலில் சேர்கின்றன. ஆனால் நாம் போட்ட பெரிய பாதைகள் பலவும் வடக்கு தெற்காக ஓடுகின்றன. கடற்கரை – தாம்பரம் ரயில் பாதை, ஜி.எஸ்.டி. சாலை, தாம்பரம் – புழல் புறவழிச்சாலை, வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, பழைய மகாபலிபுரம் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை எல்லாம் அப்படித்தான். ஒவ்வொன்றும் தரையிலிருந்து சில அடி உயர்த்திப் போட்ட மண்கரை. ஏரிக்கரை செய்யும் வேலையையே இவையும் செய்கின்றன: தண்ணீரைத் தேக்குகின்றன. ஏரிக்கரையில் உபரி நீர் வழியும் கலங்கலும், நீரைத் திறந்துவிடும் மதகும் எங்கே, எவ்வளவு அகலத்தில் வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தார்கள். சாலைக்கரையில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது கல்வெர்ட் எனப்படும் சிறுபாலம். இந்திய சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி 6 மீட்டர் நீளம் வரை இருப்பது கல்வெர்ட். அதற்கு மேல் போனால் பாலம். இத்தனை சின்னக் கட்டுமானத்தைச் சாலை போடுகிறவர்கள் மதிப்பீட்டின் கடைசிப் பக்கத்தில் வைக்கிறார்கள். வெள்ளம் அதைத்தான் முதலில் வந்து சேர்கிறது.

கல்வெர்ட்டில் தண்ணீர் போகும் ஒவ்வொரு திறப்பும் ஒரு கண். அந்தக் கண்ணின் அளவை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீர் ஒரு கல்வெர்ட்டுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 சென்டிமீட்டர் மழை. அந்த நிலம் வயலும் மேய்ச்சலுமாக இருந்த காலத்தில், பெய்ததில் பத்தில் மூன்று பங்கு ஓடி வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய 150 கன அடி வரும். அதே நிலம் இன்று அடுக்குமாடிகளும் சிமென்ட் தளமும் தார்ச்சாலையும் ஆகிவிட்டது. பத்தில் எட்டுப் பங்கு ஓடி வரும். அது விநாடிக்கு 390 கன அடி. மழை கூடவில்லை, நிலத்தின் பரப்பும் மாறவில்லை. வரும் தண்ணீர் மட்டும் இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

இப்போது அந்தக் கல்வெர்ட்டில் ஐந்தடிக்கு ஐந்தடி அளவில் ஒரே ஒரு கண் இருக்கிறது என்று கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு கண்ணுக்குள் புகுந்து வெளியேற வேண்டுமானால் அது வந்து சேரும் மேற்புறத்தில் நீர்மட்டம், வெளியேறும் கீழ்ப்புறத்தைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். அந்த உயர வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. 150 கன அடியைத் தள்ள, உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 10 அங்குலம் போதும். கால்வாயின் கரைக்குள்ளேயே அது அடங்கிவிடும். யாருடைய வாசலுக்கும் வராது. 390 கன அடியை அதே கண் வழியாகத் தள்ள எவ்வளவு வேண்டும்? இரண்டரை மடங்கு அல்ல. தண்ணீரின் அளவு இரட்டித்தால் தேவைப்படும் உயரம் நான்கு மடங்காகும். கணக்குப்படி ஐந்தரை அடிக்கு மேல் வருகிறது. சென்னையின் தட்டைத் தரையில் ஐந்தரை அடி எங்கே இருக்கிறது? அது மேற்குப் பக்கத் தெருக்களிலும், தரைத்தள வீடுகளுக்குள்ளும், வாகன நிறுத்தத்திலும்தான் ஏறி நிற்க வேண்டும். அதற்குள் சாலையே மூழ்கி, தண்ணீர் மேலேறி மறுபக்கம் வழியும்.

அதே இடத்தில் மூன்று கண் இருந்தால் உயர வித்தியாசம் 8 அங்குலத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே, உங்கள் கேள்வியில் இருக்கும் நியாயம் முழு நியாயம். குறுகிய கண் இருக்கும் இடத்தில் கூடுதல் கண் வைப்பதைப் போலப் பயன் தரும் வேலை வேறு இல்லை.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: கீழ்ப்புறத்தில் மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருக்கவில்லை என்றால் கண் எத்தனை பெரிதாக இருந்தாலும் தண்ணீர் அசையாது. உங்கள் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. கடல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அந்தத் தண்ணீர் நேராகக் கிழக்கே போக முடியாது. கால்வாயோடு தெற்கே பத்து கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கிறது. அங்கே முகத்துவாரம் மணல் தூர்ந்திருந்தாலோ, கடல் ஏற்றத்தில் இருந்தாலோ, பக்கிங்காம் கால்வாய் நிறைந்து நிற்கும். கால்வாய் நிறைந்தால் மடுவு நிறையும். மடுவு நிறைந்தால் உங்கள் தெருவின் கல்வெர்ட்டுக்குக் கீழ்ப்புறம் போகும் வழியே இல்லை. சில வேளைகளில் தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே எதிர்த்து வரும். அப்படி வருகிற இடத்தில் கண்ணை அகலப்படுத்தினால், எதிர்த்து வரும் தண்ணீருக்கும் சேர்த்தே வழி அகலமாகிவிடும்.

இப்போது அளவுநாடாவை எடுங்கள். கல்வெர்ட்டின் மேல் சாலையின் இரு ஓரத்திலும் தாழ்வான கைப்பிடிச் சுவர் இருக்கும். பெரும்பாலும் இரண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் கோடைக்காலத்திலேயே கொத்தனாரின் டியூப் மட்டத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பலத்த மழை பெய்து தண்ணீர் நிற்கும்போது, மேற்குச் சுவரின் உச்சியிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது, கிழக்குச் சுவரின் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். மின்கசிவும் திறந்த பாதாளச் சாக்கடையும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சுவரின் மேலிருந்து நாடாவில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினாலே போதும்.

இரண்டு அளவுக்கும் ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கல்வெர்ட்தான் கழுத்தைப் பிடிக்கிறது. இரண்டு மூன்று அங்குலம்தான் வித்தியாசம் என்றால் கல்வெர்ட் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தடை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. ஒரே நாளில் மழை உச்சத்தில் ஒரு முறையும், மழை விட்ட பிறகு சில மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளந்தால் இன்னும் தெளிவாகும். மழை விட்ட பிறகும் பெரிய வித்தியாசம் நீடித்தால் கண் அடைபட்டிருக்கிறது என்று பொருள். இரு பக்கமும் சமமாக, மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் கீழே கால்வாய் நிறைந்திருக்கிறது. இந்த நாலைந்து எண்களை எழுதிக்கொண்டு போகிற குடியிருப்போர் சங்கத்தை எந்தப் பொறியாளரும் எளிதில் திருப்பி அனுப்பிவிட முடியாது.

வித்தியாசம் அதிகம் என்று வந்தால், உடனே புதிய கட்டுமானம் கேட்பதற்கு முன் குனிந்து கண்ணுக்குள் பாருங்கள். கோடையில், தண்ணீர் வற்றியிருக்கும்போது பார்ப்பது நல்லது. நான் பார்த்த கல்வெர்ட்டுகளில் அடிக்கடி காண்பது இதுதான்: கண்ணின் மேல் பாதியில் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய், அதற்குப் பக்கத்தில் கேபிள் கம்பெனிகள் இழுத்துவிட்ட கறுப்புக் குழாய்க் கற்றை. அந்தக் கற்றையில் முதலில் ஒரு துணி மாட்டும். துணியில் பாலித்தீன் பைகள் மாட்டும். பிறகு ஆகாயத் தாமரை, தேங்காய் மட்டை, ஒரு பழைய மெத்தை. ஒரே மழையில் அங்கே ஒரு கதவு எழும்பிவிடும். கண்ணின் கீழ்ப் பாதியில் மண். மேலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு இவை எதுவும் தெரியாது. சாலை ஒழுங்காக இருக்கும், கைப்பிடிச் சுவரில் புதுப் பெயின்ட் மின்னும்.

ஹியூம் பைப் எனப்படும் வட்டக் குழாய்களில் இந்த மண் செய்யும் கேடு பலருக்குத் தெரிவதில்லை. குழாயில் பாதி மண் அடைத்தால் பாதித் தண்ணீர் போகும் என்று நினைக்கிறோம். இல்லை. மிச்சமிருக்கும் இடத்தில் தண்ணீர் உரசிக்கொண்டு போக வேண்டிய பரப்பு அதிகமாகிவிடுவதால், நீளமான குழாயில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் கூடுதலாகப் போகும். இதே காரணத்தால், ஒரு பெரிய குழாய்க்குப் பதில் அதில் பாதி விட்டமுள்ள நான்கு குழாய்களைப் போட்டுவிட்டு "மொத்தப் பரப்பு ஒன்றுதானே" என்பதும் தவறு; ஒரே சரிவில் அந்த நான்கும் சேர்ந்து பெரிய குழாயின் நீரில் ஏறக்குறைய 63 சதவீதத்தைத்தான் கொண்டுபோகும். அது போதாதென்று, சின்னக் குழாய் அடைத்துக்கொண்டால் இயந்திரம் உள்ளே போகாது, மனிதரை அனுப்பவும் கூடாது. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரமுள்ள சதுரக் கான்கிரீட் பெட்டிதான் சென்னைக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. செலவு அதிகம்தான். அது ஒரு முறை ஆகும் செலவு.

இன்னொரு குறை, கண்ணின் தரைமட்டம். கால்வாயைத் தூர்வாரி ஆழப்படுத்துகிறார்கள். கல்வெர்ட்டின் கான்கிரீட் தரை பழைய மட்டத்திலேயே இருக்கிறது. கால்வாயின் நடுவே ஒரு வாசற்படி கட்டியது போல அது ஆகிவிடுகிறது. அதற்கு மேற்புறம் தூர்வாரிய ஆழத்தில் தண்ணீர் தேங்கி, அடுத்த வருடத்துக்குள் அந்த ஆழம் திரும்ப மண்ணால் நிரம்பிவிடும். ஆண்டுதோறும் தூர்வாரியும் பலன் இல்லை என்று மக்கள் குமுறும் இடங்களில் இதை ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

சாலை உயரமும் இதில் சேரும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சாலைகள் வீடுகளைவிட உயர்ந்துவிட்டன. 2021இல் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். சாலை ஒரு அடி உயர்ந்தால், மேற்குப் பக்கத் தண்ணீர் வழிந்தோடுவதற்கு முன் ஒரு அடி கூடுதலாகத் தேங்கும். நடுவில் இடைவெளியே இல்லாமல் நீளும் கான்கிரீட் தடுப்பும் அதே வேலையைச் செய்கிறது.

ரயில் பாதைக்கு அடியில் போகும் கண்களின் கதை கொஞ்சம் வேறு. ரயில்வே சிறிய கல்வெர்ட்டையும் பாலமாகவே கணக்கில் வைத்து எண் கொடுக்கிறது. அந்த எண் சுவரில் எழுதப்பட்டிருக்கும். பாலங்களில் அபாய அளவுக் கோடு இருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் வண்டிகள் நிற்கும். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் உயிர்ச்சேதங்களின் வரலாறு இருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அரிக்கப்பட்டுக் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதும் சென்ட்ரலிலிருந்து புறப்படும் வண்டிகள் நிறுத்தப்பட்டன. பயணிகளுக்குத் தொல்லைதான், ஆனால் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குவது மேலிருந்து ஓட்டுநருக்குத் தெரியாது என்பதை நினைத்தால், அந்த முடிவின் அருமை புரியும்.

ரயில் கரைக்குள் புதுக் கண் வைப்பது அழகான பொறியியல். சாலையைப் போலத் தோண்டிப் போட்டுவிட முடியாது. வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பாதைக்குப் பக்கத்தில் பெரிய பள்ளம் எடுத்து, அதில் ஒரு கான்கிரீட் பெட்டியை வார்த்து, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் கரைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள். பெட்டியின் முகப்பில் இரும்பு விளிம்பு மண்ணை வெட்டும். உள்ளே இருக்கிறவர்கள் வெட்டிய மண்ணைப் பின்பக்கமாக வெளியேற்றுவார்கள். தலைக்கு மேல் வண்டிகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். கரை நனைந்து ஊறியிருக்கும் மழைக்காலத்தில் இது ஆபத்தான வேலை. எனவே மழையில் மனு கொடுத்தால் அடுத்த கோடையில்தான் வேலை தொடங்க முடியும், அதுவும் பணம் தயாராக இருந்தால். மாநில அரசோ மாநகராட்சியோ பணத்தை ரயில்வேயிடம் முன்கூட்டியே கட்ட, ரயில்வே தன் மேற்பார்வையில் செய்து கொடுப்பது வழக்கம். வடிகாலை மாநகராட்சி கட்டி முடித்துவிட்டு, ரயில் கரையில் வந்து முட்டி வருடக்கணக்கில் காத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கடிதப் போக்குவரத்துதான்.

துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை போன்றவற்றை இதில் சேர்க்க வேண்டாம். அவை வண்டிகள் போவதற்காகத் தரையைவிடத் தாழ்வாகத் தோண்டியவை. அங்கே சேரும் தண்ணீர் தானாக வெளியேற முடியாது. மோட்டார்தான் இறைக்க வேண்டும்.

சதுப்பு நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கி வரும் உபரி நீர் பள்ளிக்கரணையில் சேர்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம் பெற்ற அந்த நிலத்தின் குறுக்கே துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடிச் சாலை போகிறது. பல்லாவரம் பெரிய ஏரியையும் அதுவே இரண்டாக வெட்டியது. சதுப்பு நிலத்தில் தண்ணீர் கால்வாயைப் போல ஒரு கோட்டில் ஓடாது. அகலமாக, மெதுவாக, புல்லுக்கு நடுவே பரவி நகரும். அதன் குறுக்கே கரை போட்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கண் வைத்தால், பரவி வந்த நீர் முழுவதும் அந்தச் சில இடங்களைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. கண் இருக்கும் இடத்தில் அரிப்பு, இல்லாத இடத்தில் தேக்கம். அந்த நீளம் முழுவதையும் தூண்களின் மேல் பாலமாகக் கட்டியிருக்க வேண்டும். இப்போதாவது கண்களைக் கூட்டிக்கொண்டே போவதுதான் செய்யத்தக்கது. தென்சென்னையின் மழைநீருக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது.

அடுத்தது, எந்த வரிசையில் கட்டுவது. மேலே இருக்கும் ஒரு தெருவின் கல்வெர்ட்டை மட்டும் பெரிதாக்கினால், இதுவரை அங்கே தங்கித் தாமதமாக வந்த தண்ணீர் இனி ஒரே மூச்சில் கீழே இருக்கும் தெருவில் போய் விழும். உங்கள் வீடு காயும். இன்னொருவர் வீடு நனையும். ஆகவே வேலை கடைமுகத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். முதலில் முகத்துவாரம், பிறகு பக்கிங்காம் கால்வாய், பிறகு மடுவு, பிறகு பெரிய சாலையின் கண்கள், கடைசியில் தெரு வடிகால். தெரு வடிகால் எல்லோர் கண்ணிலும் படுகிறது, ஒப்பந்தம் சிறிதாகப் பிரிகிறது, ஒரே துறையின் கையில் இருக்கிறது. அதனால் அதுதான் முதலில் நடக்கிறது. கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனிலும், கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனிலும் பெரிய தொகையில் வடிகால்கள் கட்டப்படுகின்றன. நல்ல பணிகள். அவை சேரும் கால்வாயும், வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு கண்ணும் அதே அளவுக்கு விரிய வேண்டும். ஒன்று விடுபட்டாலும் மேலே உள்ள முழு நீளமும் அந்த ஒன்றின் கொள்ளளவுக்கு இறங்கிவிடும்.

உங்களுக்கு யார் பொறுப்பு என்ற குழப்பமும் இருக்கும். பொதுவாகச் சாலை யாருடையதோ அதன் அடியில் உள்ள கல்வெர்ட்டும் அவர்களுடையது. கால்வாய் நீர்வளத் துறையுடையது. தெரு வடிகால் மாநகராட்சியுடையது. அளவுகள் கையில் இருந்தால் எங்கே போவது என்பது தெளிவாகும். ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் என்றால் சாலைக்குப் பொறுப்பான துறையிடம் முதலில் கேபிள் கற்றையையும் மண்ணையும் அகற்றச் சொல்லுங்கள். கண் சுத்தமான பிறகும் அடுத்த மழையில் அதே வித்தியாசம் வந்தால் கூடுதல் கண் கேளுங்கள். இரு பக்கமும் சமம் என்றால் நீர்வளத் துறையிடம் கால்வாயையும் முகத்துவாரத்தையும் பற்றிக் கேளுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரைப் பதிவு செய்து அதன் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்விகள் போதும்: இந்தக் கல்வெர்ட் விநாடிக்கு எத்தனை கன அடிக்குக் கட்டப்பட்டது, அதன் தரைமட்டம் கால்வாயின் படுகை மட்டத்தைவிட எவ்வளவு உயரம், கடைசியாக எந்தத் தேதியில் கண்ணுக்குள் தூர்வாரப்பட்டது. வழியில் ரயில் பாதை குறுக்கிடுகிறது என்றால், சுவரில் எழுதியிருக்கும் பால எண்ணைக் குறிப்பிட்டு ரயில்வே கோட்டப் பொறியாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எண் இல்லாத மனுவில் எந்தக் கண்ணைச் சொல்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.